பாதரசம் புகட்டும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் - வேதியியல்)

மண்ணில் விழுந்த இலை மக்குகிறது. மண்ணில் விழுந்த இரும்பு துருவாகி உதிர்கிறது. மண்ணில் விழுந்த பாதரசம் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்ற ஒரு மாணவியின் சிறு முயற்சியே இக்கட்டுரை. குறை இருப்பின் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவ மாணவியர் கோடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றோம். ஏரியில் படகு விட்டோம்; தூண் பாறையைக் கண்டோம்; மக்காச்சோளம் தின்றோம்; மகிழ்ச்சியோடு திரும்பினோம். சில வாரங்கள் கழித்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழைய வெப்பமானி மேசையிலிருந்து உருண்டு விழுந்து உடைந்தது. வெள்ளி முத்துக்களைப் போலப் பாதரசத் துளிகள் தரையெங்கும் ஓடின. நாங்கள் நால்வர் குனிந்து, தாளை மடித்து அவற்றைத் துரத்திப் பிடிக்கத் தொடங்கினோம். ஒருத்தி ஒரு துளியை உள்ளங்கையில் ஏந்தி உருட்டிப் பார்த்தாள்.

எங்கள் விரிவுரையாளர் ஓடி வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சன்னல்களைத் திறந்து வைத்தார். பெரிய துளிகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி நீருள்ள புட்டியில் இட்டார். எஞ்சியவற்றின் மேல் கந்தகப் பொடியைத் தூவினார். எல்லாம் முடிந்த பின் எங்களைப் பார்த்து, "போன மாதம் கோடைக்கானலுக்குப் போனீர்களே, அங்கே வெப்பமானி ஆலை இருந்த இடத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்று தொடங்கியது என் தேடல். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிவகிரி. என் தந்தையார் கூலிக்கு நகை வேலை செய்யும் பொற்கொல்லர். பாதரசம் எனக்குக் கல்லூரியில் அறிமுகமான பொருள் அன்று. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு புட்டியில் அது எப்போதும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

பாதரசத்தின் இயல்பு

பாதரசம் ஒரு தனிமம். அணு எண் 80. சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் இது ஒன்றே. நீரைக் காட்டிலும் 13.6 மடங்கு கனமானது. மைனஸ் 39 பாகையில் உறைகிறது. 357 பாகையில் கொதிக்கிறது. வெப்பத்தால் சீராக விரிவதாலும் கண்ணாடியில் ஒட்டாததாலும் வெப்பமானிக்கு ஏற்ற பொருளாயிற்று. நம் சித்தர்கள் இதனை இரசம் என்றும் சூதம் என்றும் அழைத்தனர். பொன்னைக் கண்டால் தன்னுள் ஈர்த்துக் கலந்துகொள்ளும் இதன் குணத்தைப் பொற்கொல்லர்கள் நெடுங்காலமாக அறிவர்.

357 பாகையில் கொதிப்பதால் அதுவரை ஆவியாகாது என்று எண்ணிவிடக் கூடாது. கொடியில் காயும் துணியின் நீர் கொதிக்காமலே ஆவியாவதில்லையா? அது போலவே பாதரசமும் சாதாரண வெப்பநிலையிலேயே சிறிது சிறிதாக ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே அது இருப்பதை நம் கண்ணும் மூக்கும் உணர்வதில்லை.

இங்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. உலோகப் பாதரசத்தைத் தவறி விழுங்கிவிட்டால் குடலில் அது ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. ஆனால் அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து விடுகிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கிறது. கை நடுக்கம், உறக்கமின்மை, எளிதில் சினம் கொள்ளுதல், மறதி, ஈறு வீக்கம் ஆகியவை நாட்பட்ட பாதரச நஞ்சின் அடையாளங்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஒரு சிறு கணக்கு

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருந்தது. இது எவ்வளவு தீங்கு செய்யக் கூடும்? நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே தருகிறேன்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட அறையின் கொள்ளளவு ஆயிரம் கன அடி. அதாவது ஏறத்தாழ 28 கன மீட்டர். நம் நாட்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலையிடக் காற்றில் பாதரச ஆவிக்குக் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. இதன்படி அந்த அறையின் காற்று முழுவதும் வரம்பைத் தொட 1.4 மில்லிகிராம் ஆவி போதும். இது ஒரு வெப்பமானியில் உள்ள பாதரசத்தில் எழுநூறில் ஒரு பங்கு!

இன்னொரு செய்தி. மூடிய அறையில் காற்று தாங்கக் கூடிய முழு அளவு பாதரச ஆவி 20 பாகை வெப்பத்தில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம். 30 பாகையில் இது இரு மடங்குக்கும் மேலாகிறது. ஆகவே குளிர்ந்த மலையைக் காட்டிலும் எங்கள் சிவகிரி போன்ற வெயில் ஊரில் பாதரசம் விரைவாக ஆவியாகும். குளிர்ந்த இடத்தில் அது குறையுமே அன்றி நின்றுவிடாது.

ஒரு வெப்பமானிக்கே இந்தக் கணக்கு என்றால், பதினெட்டு ஆண்டுகள் வெப்பமானி செய்த ஓர் ஆலைக்கு என்ன கணக்கு?

கோடைக்கானலில் நடந்தது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. அது 1983-ஆம் ஆண்டளவில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டுக் கோடைக்கானலில் செயின்ட் மேரீஸ் சாலையில் நிறுவப்பட்டது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானிகள் மீண்டும் வெளிநாட்டுக்கே ஏற்றுமதியாயின. 1987-இல் அந்நிறுவனம் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்ததால், ஆலையும் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தைச் சார்ந்தது. அந்நிறுவனமே பின்னர் 2007-இல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் எனப் பெயர் மாறியது.

ஆலையைச் சுற்றிக் குடியிருப்புகள் உள்ளன. ஆலைக்குப் பின்னால் சரிவில் பாம்பார் சோலைக் காடு இறங்குகிறது. அங்கு தோன்றும் பாம்பாறு மலையை விட்டு இறங்கிப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. நம்மில் பலர் அந்த அருவியில் குளித்திருப்போம். மலையுச்சியில் நடப்பது மலைவாசிகளை மட்டும் சார்ந்தது அன்று என்பதை இதனால் அறியலாம்.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களும், ஊர் மக்களும், பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும், கிரீன்பீஸ் இயக்கத்தினரும் சேர்ந்து ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் படிந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்தது! மக்கள் நடமாடும் இடத்தில் கிழிந்த சாக்குகளில் அது கிடந்தது. இக்கண்ணாடி தன் விதிமுறைகளுக்கு மாறாக வெளியே விற்கப்பட்டுவிட்டது என்பதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அம்மாதமே ஆலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அது மீண்டும் திறக்கப்படவே இல்லை.

2003-ஆம் ஆண்டில் பாதரசம் கலந்த கழிவு 290 டன் திரட்டப்பட்டு, கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பாதரச மீட்பு ஆலைக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிச் சென்ற அரிய நிகழ்ச்சி அது.

நான் பிறக்கும் முன்பே ஆலை மூடப்பட்டுவிட்டது. கழிவும் கப்பல் ஏறிவிட்டது. அப்படியானால் கதை முடிந்தது அன்றோ? முடியவில்லை. ஆலையின் சுவர்களுக்குள் இருந்த கழிவைச் சாக்கில் கட்டலாம். மண்ணுக்குள் இறங்கியதை எப்படிக் கட்டுவது? காற்றில் கலந்ததை எப்படித் திரட்டுவது?

பாசியும் மீனும் கூறும் சான்று

இதற்கு விஞ்ஞானிகள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் லைக்கன் என்னும் உயிரினத்துக்கு வேர் இல்லை. அது தனக்கு வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பெறுகிறது. ஆகவே காற்றில் என்ன இருந்ததோ அது லைக்கனில் பதிவாகிவிடும். ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மைய விஞ்ஞானிகள் கோடைக்கானல் ஆலையின் அருகே வளர்ந்த லைக்கன்களையும் பாசிகளையும் சோதித்து, அவற்றில் பாதரசம் மிகுந்திருந்ததை 2003-இல் வெளியிட்டனர்.

அதே மையத்தினர் கோடை ஏரியின் நீரையும், அடிவண்டலையும், மீனையும் ஆராய்ந்து 2006-இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். ஒப்பிடுவதற்காகப் பேரிஜம், குக்கல் ஏரிகளையும் எடுத்துக்கொண்டனர். அவ்விரு ஏரிகளின் நீரைவிடக் கோடை ஏரியின் நீரில் பாதரசம் மிகுந்திருந்தது. அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது. நாங்கள் படகு விட்ட ஏரிதான் அது!

மெத்தில் பாதரசம் என்றால் என்ன? ஏரியின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்துடன் மெத்தில் தொகுதியை இணைக்கின்றன. உலோகப் பாதரசம் குடலில் உறிஞ்சப்படுவதில்லை என்று முன்னர் கூறினேன். மெத்தில் பாதரசமோ உணவு வழியாக ஏறக்குறைய முழுவதும் உடலில் சேர்ந்துவிடும். நீரில் உள்ள நுண்ணுயிரைச் சிறு பூச்சி உண்கிறது; பூச்சியைச் சிறு மீன் உண்கிறது; சிறு மீனைப் பெரு மீன் உண்கிறது; பெரு மீனை மனிதன் உண்கிறான். ஒவ்வொரு படியிலும் நஞ்சு திரண்டுகொண்டே போகிறது. தாயின் வயிற்றிலுள்ள கருவையும் அது சென்று அடைகிறது.

இதனை உலகம் முதன்முதல் கண்ணீருடன் கற்றுக்கொண்டது ஜப்பானில் உள்ள மினமாட்டா என்னும் மீனவ ஊரில். அங்கு சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயன ஆலை தன் கழிவு நீரைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் வெறிபிடித்தவை போல் ஆடி மடிந்தன. 1956-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் மனிதரிடம் அந்நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கழிவு நின்றதோ 1968-ஆம் ஆண்டில். பன்னிரண்டு ஆண்டுகள் விவாதத்திலேயே கழிந்தன! அந்த ஊரின் பெயரால் அமைந்த மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஜப்பானில் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இந்தியாவும் அதனை உறுதி செய்தது. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானிகளின் உற்பத்தி 2020-க்குள் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று.

மினமாட்டாவும் கோடைக்கானலும் ஒன்றே என்று நான் கூறவில்லை. அங்கு நடந்தது பெருங்கொடுமை. ஆயினும் பாதரசத்துக்கு ஊர் வேறுபாடு தெரியாது. அதன் வேதியியல் எங்கும் ஒன்றே.

நோயை நிரூபிப்பது யார்?

ஆலையில் வேலை செய்தவர்கள் தங்களுக்குச் சிறுநீரகக் கோளாறும், நரம்புத் தளர்ச்சியும், வேறு பல நோய்களும் வந்தன என்றனர். நிறுவனமோ, தொழிலாளர் நலம் முறையாகக் கண்காணிக்கப்பட்டது. அந்நோய்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றது. தொழிலாளர் சங்கத்தினர் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2015-இல் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரப் இதைப் பற்றிப் பாடிய பாடல் உலகின் கவனத்தைக் கோடைக்கானல் பக்கம் திருப்பியது. இறுதியில் 2016 மார்ச் மாதம், முன்னாள் தொழிலாளர்கள், அவர்தம் குடும்பத்தினர் ஆகிய 591 பேர் தொடர்பாக இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வளவு காலம் ஏன்? சட்டத்தை நான் அறியேன். ஆனால் வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்றைக் கூற முடியும். உடலில் சேர்ந்த பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறைகிறது. அப்படியானால் ஓர் ஆண்டில் ஆறு முறை பாதியாகும். தொடக்க அளவில் 64-இல் ஒரு பங்கே மிஞ்சும். இரண்டாம் ஆண்டின் முடிவில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஆலை மூடிச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தால் அங்கு பாதரசம் தென்படாது. நஞ்சு போய்விடும், அது செய்த கேடு மட்டும் நிற்கும். வீட்டை எரித்த தீ அணைந்த பின் தீக்குச்சியைத் தேடுவது போன்றது இது. நேரத்தில் அளந்து எழுதி வைக்கப்படாத அளவு, பின்னர் எந்த ஆய்வகத்திலும் கிடைக்காது. அளவு இல்லாத இடத்தில் நோயாளியின் சொல் மட்டுமே சான்றாக நிற்கிறது. அந்தச் சொல் எடுபடுவதில்லை.

எவ்வளவு தூய்மை போதும்?

மண்ணைத் தூய்மை செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மண்ணைத் தோண்டி, சலித்து, நீரால் கழுவி, பாதரசம் மிகுந்த பகுதியைச் சூடாக்கி ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது திட்டத்தில் கூறப்பட்ட முறை. எந்த அளவு வரை தூய்மை செய்வது என்பதில்தான் வழக்கு எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் இது போதாது என்றனர். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2009-இல் குடியிருப்பு நிலத்தில் உலோகப் பாதரசத்துக்கு வழிகாட்டும் அளவாகக் குறித்தது ஒரு மில்லிகிராம் என்று அவர்கள் சுட்டினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை விவாதம் சென்றது. மிகுதியாகத் தோண்டினால் சோலைக் காட்டின் மரங்களும் சரிவும் கெடும் என்பது மறுதரப்பின் வாதம். அதனையும் அடியோடு தள்ள முடியாது.

20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று என் தாயாரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது. எனவே இப்படிக் கணக்கிட்டேன். ஒரு டன் என்பது ஆயிரம் கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் டன்னுக்கு 20 கிராம். வெப்பமானிக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் மண்ணுக்குள் இருபது வெப்பமானிகளை உடைத்து ஊற்றியதற்குச் சமம். மற்றோர் அளவின்படி ஒரே ஒரு வெப்பமானி. ஒரு மாட்டு வண்டி மண்ணில் இருபது வெப்பமானியா, ஒன்றா? வழக்கின் சாரம் இதுதான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஆனால் இப்படிப் பிரித்துச் சொல்லப் பட்டம் படிப்பவர்கள் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுப் பட்டறை

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நகைப் பட்டறையில் அரத்தால் ராவும்போதும் வெட்டும்போதும் பொன் துகள் தரையில் சிந்தும். ஏழைத் தொழிலாளிக்கு அதுவும் காசு. ஆகவே பட்டறையைக் கூட்டிய மண்ணைச் சேர்த்து வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை நீரில் அரித்து, எஞ்சியதில் பாதரசத்தை ஊற்றிக் கையால் பிசைவார் என் தந்தையார். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். அதைத் துணியில் இட்டுப் பிழிந்தால் மீதிப் பாதரசம் வழிந்துவிடும். பொன் கலந்த கட்டி துணியில் தங்கும். அக்கட்டியை மூசையில் வைத்து உமியோட்டின் நெருப்பில் ஊதினால் பாதரசம் ஆவியாகிப் பொன் மட்டும் நிற்கும். என் பாட்டனாரும் அப்படித்தான் செய்தார்.

பட்டறை என்று தனியாக ஒன்றில்லை. எங்கள் வீட்டின் முன்னறையே பட்டறை. இரவில் அங்கேதான் நானும் தம்பியும் உறங்குவோம். உமியோடு ஊதும்போது பக்கத்தில் அமர்ந்து, வெள்ளைக் கட்டி மஞ்சளாக மாறும் அழகை நான் எத்தனையோ முறை பார்த்து வியந்திருக்கிறேன்.

என் பாட்டனாருக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது. பொடி வைத்து ஊத முடியாமல் வேலையை விட்டார். எல்லோரும் "வயசாயிட்டு" என்றனர். நானும் அப்படியே நம்பினேன். மருத்துவ நூலில் கை நடுக்கம் என்ற சொல்லைப் படித்த அன்று நான் நூலகத்தில் நெடுநேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். வயதால் வந்ததா, பாதரசத்தால் வந்ததா? இனி யாராலும் அளந்து சொல்ல முடியாது. கோடைக்கானல் தொழிலாளர்கள் கேட்ட கேள்வியும் இதுதானே!

விடுமுறையில் ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் மெல்லச் சொன்னேன். கணக்கையும் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்தார். "எங்க ஐயா காலத்துலருந்து செய்யுறதுதாம் தாயி. மருந்துக்கே போடுறாங்களே இத" என்றார். நான் வாதிடவில்லை. "தாத்தாவுக்குக் கை நடுங்கிச்சேப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

மறு மாதம் நான் ஊருக்குப் போனபோது அவர் பாதரசத்தைத் தொடுவதை விட்டிருந்தார். பட்டறை மண்ணை அப்படியே, அதை வாங்க வரும் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடுகிறார். கிடைக்கும் காசு முன்னைவிடக் குறைவு. பரணில் இருந்த புட்டியை நான் கல்லூரிக்குக் கொண்டுவந்து, எங்கள் விரிவுரையாளரிடம் ஒப்படைத்தேன். நீருக்கடியில் மூடி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

நான் வெற்றி பெற்றுவிட்டேனா? அந்த வியாபாரி வாங்கிய மண்ணை எங்கே வைத்து ஊதுகிறாரோ! அங்கும் ஒரு முன்னறை இருக்கும். அங்கும் குழந்தைகள் உறங்குவர். வாட்டர்டவுனிலிருந்து ஆலை கோடைக்கானலுக்கு வந்தது போல, எங்கள் வீட்டுத் தீங்கு வேறொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. மேலும் எங்கள் முன்னறையின் பழைய மண் தரைக்கு மேல் சில ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசினோம். இரு தலைமுறைப் பாதரசம் அதற்கடியில் எவ்வளவு இருக்கிறதோ! ஆலையைப் பூட்டினாலும் மண் பூட்டப்படுவதில்லை என்று கோடைக்கானலைப் பற்றி எழுதுகிறேன். என் வீட்டுத் தரையை எண்ணியும் எழுதுகிறேன்.

முடிவுரை

மண்ணில் விழுந்த பாதரசம் என்ன ஆகிறது என்று தொடக்கத்தில் கேட்டேன். விடை இதுதான். அது ஒன்றும் ஆவதில்லை. தனிமம் ஆகையால் அதனை எரிக்க முடியாது. மக்க வைக்க முடியாது. ஆவியாகலாம், நீரில் கரையும் உப்பாகலாம், மீனுக்குள் புகலாம். எங்கே போனாலும் பாதரசம் பாதரசமே. இடம் மாற்றலாம், இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவே தொழிற்சாலையின் கழிவு என்பது மூடுவிழாவோடு தீரும் செலவு அன்று. இலாபம் பெற்றவர் போன பின்னும் அங்கே குடியிருப்பவர்மேல் நிற்கும் கடன் அது.

ஆலைகளே வேண்டாம் என்று நான் கூற வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகிறார்கள் என்பதை அறிந்தவள் நான். நான் வேண்டுவதெல்லாம் இவையே: ஆலை தொடங்கும் நாளிலேயே மண்ணையும் நீரையும் தொழிலாளியின் உடலையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அந்த அளவு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்படாமல், ஊர் மக்கள் படிக்கும்படி தமிழில் இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தால் கையால் தொடாதீர்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அது துளியைப் பல துளியாக்கும். சன்னலைத் திறந்துவிட்டு ஆசிரியரை அழையுங்கள். அடுத்த முறை கோடைக்கானலுக்குப் போனால் ஏரியைப் பாருங்கள், தூண் பாறையைப் பாருங்கள். செயின்ட் மேரீஸ் சாலை எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் தலைமுறையாக நடக்கும் தொழில் எதுவாயினும், அதில் புழங்கும் பொருள் என்னவென்று நீங்கள் படித்த பாடத்தைக் கொண்டு ஒரு முறை பாருங்கள். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவர்கள். நமக்கு முன்னால் இதைப் படித்துச் சொல்ல நம் வீட்டில் ஆள் இல்லை. இப்போது நாம் இருக்கிறோம்.